உட்கார்ந்து செய்கிற வேலை

அந்த வீடியோவை அத்தனை பேர் ஏன் பார்த்தார்கள்? இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ. பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது. ஐந்து பெண்கள் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்து, முறத்தில் சாமை அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறார்கள். எடுத்தது நான். போட்டது நான். சரியாக இருக்குமோ இருக்காதோ என்று இரண்டு முறை அழித்துவிட்டு மூன்றாம் முறை போட்டதும் நானே.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர் போகும் வழியில் உள்ள ஒரு சிறுதானிய மில்லில் எனக்கு வேலை. சித்தேரி மலையிலிருந்து வரும் சாமையை உமி நீக்கி, கல் எடுத்து, பாக்கெட் போட்டு விற்கிறோம். ஆர்டர் எடுப்பது, முகவரி அச்சடிப்பது, ஆன்லைன் கடையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். படிப்புக்கு ஏற்ற வேலையா இது என்று வீட்டில் கேட்பார்கள். நானும் என்னையே கேட்டுக்கொள்வேன். ஆனால் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி வேலை வேறு எங்கே கிடைக்கும்? மதியம் பால்வாடி விட்டதும் ஸ்கூட்டியில் முன்னால் நிற்க வைத்து அழைத்து வந்துவிடுவேன். அதன் பிறகு அவள் என் பிள்ளை இல்லை, கல் பொறுக்கும் ஐந்து பேரின் பிள்ளை. அதிலும் பெரியக்காவின் மடியை விட்டு இறங்கவே மாட்டாள்.

ஐவரில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் பெரியக்கா. வாய் ஓயாது, கையும் ஓயாது. முட்டி இரண்டும் மட்டும் எப்போதோ ஓய்ந்துவிட்டன. சுவரில் சாய்ந்து காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டால் மாலை வரை அசராமல் வேலை பார்ப்பார். கால் மணி நேரம் நின்றால் முட்டி வீங்கிக்கொள்ளும். இப்போது மில்லில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாம் நின்றுகொண்டு செய்கிற வேலை.

"இந்த மாசக் கடைசிக்குள்ள அவங்களுக்கு ஒக்காந்து செய்யற வேலையா ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. சும்மா ஒக்கார வெச்சுக் கூலி குடுத்தா அவங்களே வாங்க மாட்டாங்க," என்று மில் முதலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரை நாங்கள் மேடம் என்போம். அவர் சொன்ன நாளிலிருந்து என் தலைக்குள் ஓடுவது இது ஒன்றுதான். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் இங்கே வந்து சேர்ந்தோம்.

வீடியோவில் சாமையை மட்டும் காட்ட நினைத்தேன். பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு மெல்லிசை ஏதாவது சேர்ப்பதாக எண்ணம். அந்த நேரம் பார்த்து மகள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்க, போன் ஒரு பக்கம் திரும்பிப் பெரியக்காவின் முகத்தில் போய் நின்றது. யாரிடம் பேசுகிறோம் என்ற யோசனையே இல்லாமல் அவர் போனைப் பார்த்துச் சொன்னார்:

"நல்லாப் பாத்துக்கங்க. நாங்க அஞ்சு பேரும் பொறுக்கிட்டோம். இதுக்கு மேலயும் கடுக்குன்னு ஏதாச்சும் கேட்டுச்சுன்னா அது கல்லு இல்லீங்க, ஒங்க பல்லு. டாக்டரப் போயிப் பாருங்க."

மற்ற நால்வரும் முறத்தைக் கவிழ்த்துவிடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். நான் பதறி நிறுத்தினேன். வாங்குகிறவர்களிடம் இப்படிப் பேசலாமா? வீடியோவை அப்படியே போட்டேன், உடனே அழித்தேன். அழித்ததும் அந்தச் சிரிப்பு நன்றாகத்தானே இருந்தது என்று தோன்றியது. மறுபடி போட்டேன். மாமியார் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று மறுபடி அழித்தேன். மூன்றாம் முறை போட்டுவிட்டுப் போனைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு மகளுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டேன்.

ஊட்டி முடிப்பதற்குள் பைக்குள் வண்டு புகுந்தது போல ஒரே உறுமல். "அம்மா, பை அழுவுது," என்றாள் மகள். எடுத்துப் பார்த்தால் சென்னை, பெங்களூரு, கோவை, நான் கேள்வியே படாத ஊர்கள். எல்லாருக்கும் சாமை வேண்டும். பாதிப் பேருக்கு அந்த அக்காவின் பேச்சும் வேண்டும். "பல்லு அக்கா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டு ஆர்டர் போட்டார்கள். நிஜமான பல் மருத்துவர் ஒருவரும் இரண்டு கிலோ கேட்டிருந்தார். அதை நான் படித்துக் காட்டியபோது பெரியக்கா, "பாத்தியா, நம்மளால அவருக்கும் பொழப்பு போயிருமோன்னு பயந்துட்டாரு," என்றார்.

மறுநாள் காலை மில் கல்யாண வீடாக இருந்தது. எல்லாரும் விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார்கள். ஒருவர் தலைக்குச் சாயம் போட்டு வந்திருந்தார். தொப்பி போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்று அவருக்கு நான் நினைவுபடுத்தியதும் சண்டைக்கே வந்துவிட்டார். "அப்பறம் எதுக்கு நேத்து சாயங்காலம் முச்சூடும் தலையில துணியக் கட்டிக்கிட்டு வூட்டுல ஒக்காந்திருந்தேன்?"

பெரியக்கா மட்டும் பழைய சேலையில் இருந்தார். "நான் எப்பவும் போல இருக்கறதுதான் ஜனங்களுக்குப் புடிச்சிருக்குது," என்றார் பெரிய நட்சத்திரம் தோரணையில். தலையில் மட்டும் இரண்டு முழம் மல்லிகை.

ஆர்டர் வந்தால் போதுமா, அனுப்ப வேண்டாமா? ஐந்து பேர் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை பொறுக்கினால் இரண்டு மூட்டை தேறும். வந்திருந்த ஆர்டருக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டியிருந்தது. "எங்கே என் சாமை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நாளை" என்று பதில் போட்டேன். பொய் சொல்கிறேனா, நம்பிக்கை சொல்கிறேனா? ஒரு வாரம் இப்படிப் போனதும் மேடம் முடிவெடுத்தார். கேமரா வைத்த மெஷின் ஒன்றை வாங்கிவிடுவது.

மேலிருந்து அரிசி அருவி போல விழும். கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கல்லோ கறுப்பு மணியோ கண்ணில் பட்டால் அந்த ஒன்றை மட்டும் காற்றால் ஊதித் தள்ளிவிடும். இதை நான் போனில் படமாகக் காட்டியபோது பெரியக்கா நம்பவில்லை.

"ஊதித் தள்ளுதா? நாங்க ஊதுனா மட்டும் எச்சில் படுதும்பீங்க!"

"அப்ப நாங்க?" என்று கேட்டவர் தலைக்குச் சாயம் போட்ட அக்கா.

"பேக்கிங்குக்கு ஆள் பத்தாமக் கெடக்குது. ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன்," என்றார் மேடம். மனதாரச் சொன்னார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. பேக்கிங் என்பது நின்றுகொண்டு செய்கிற வேலை என்பது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. ஆர்டர் குஷியில் எனக்கும் உறைக்கவில்லை.

மெஷின் வந்த அன்று நிலைச் சட்டத்தைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. வாசலைவிட மெஷின் உயரம். உள்ளே வந்ததும் ஆளாளுக்கு ஒரு பக்கம் சந்தனமும் குங்குமமும் வைக்க, கூட வந்த இன்ஜினியர் கேமராவின் கண்ணாடியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றார். "இதுல மட்டும் வேண்டாங்க்கா, கும்புட்டுக் கேட்டுக்கறேன்." கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர், எதற்கும் கோபப்படாதவர். அன்றைக்கு அது அவருக்குத் தேவைப்பட்டது.

"மெஷினுக்கு நாமதான் சொல்லித் தரணுங்க," என்றார் அவர். "ஒரு தட்டுல நீங்க பொறுக்கின சாமைய வைங்க. இன்னொரு தட்டுல பொறுக்காதத, கல்லு மண்ணோட அப்படியே வைங்க. ரெண்டையும் கேமரா பாத்து, எது நல்லது எது கெட்டதுன்னு கத்துக்கும்."

இரண்டு எவர்சில்வர் தட்டு நிறைய வைத்தோம். காற்று அழுத்தம் ஏறக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவர் டீ குடிக்கப் போனார். மேடம் போனில் இருந்தார். நான் மகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். ஐந்து பேரும் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். யாரோ ஒரு சம்பந்தி வீட்டுப் பந்தியில் பாதியிலேயே வடை தீர்ந்துபோன கதை ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் திரும்பி வந்தார். முதல் தட்டைக் கொட்டினார், இரண்டாவதைக் கொட்டினார், திரையில் எதையோ தொட்டார். "கத்துக்கிச்சுங்க," என்று சொல்லி ஒரு மூட்டைச் சாமையை மேலே கொட்டச் செய்து பச்சைப் பட்டனை அழுத்தினார்.

ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுவது போல ஒரு சத்தம். நல்ல சாமை விழ வேண்டிய வாய் காலியாகவே இருந்தது. கழிவு விழுகிற தொட்டி பொங்கி வழிந்தது. மெஷின் ஒரு மணிகூட விடாமல் அத்தனையையும் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. எல்லாம் என்னால்தான். நான் போட்ட வீடியோவால் வந்த ஆர்டர், ஆர்டரால் வந்த மெஷின்.

பெரியக்கா தொட்டியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "இதென்னா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள வூடு மாதிரி இருக்குது? எதைக் காட்டுனாலும் வேணாங்குது!"

இன்ஜினியர் காற்றுக் குழாயைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கண்ணாடியை மூன்று முறை துடைத்தார், தன் அலுவலகத்துக்குப் போன் போட்டு எங்களுக்குப் புரியாத இங்கிலீஷில் பேசினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நானும் தவித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தட்டுகள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பழைய செய்தித்தாள் துண்டின் மேல், ஒரு சின்னக் குவியல். கல், கறுப்பு மணி, உமி.

"அக்கா, இது எங்கிருந்து வந்துச்சு?"

"எது? அதுவா? அந்தத் தட்டுல இருந்துதான்."

"எந்தத் தட்டுல இருந்து?"

"பொறுக்காம வெச்சீங்களே, அதுல இருந்து. கல்லு கண்ணு முன்னாடி கெடக்குது, அதைப் பாத்துக்கிட்டுக் கையக் கட்டி ஒக்காந்திருக்கறதா?"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வடைக் கதை முடிவதற்குள் அந்தத் தட்டைப் பளிங்கு போலச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். பொறுக்குகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கை தானாகப் போயிருக்கிறது. மெஷின் இரண்டு சுத்தமான தட்டுகளைப் பார்த்து, வித்தியாசம் தேடித் தேடி, கடைசியில் சாமையின் மேல் ஒட்டியிருக்கிற தவிட்டு நிறத்தையே குற்றம் என்று முடிவு கட்டிவிட்டதாம். இன்ஜினியர் இதைச் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். அவருக்குச் சிரிப்பு தொடங்கியதும் நிற்கவில்லை. அவரைப் பார்த்து எங்களுக்கும் நிற்கவில்லை. மகள் எதற்கென்றே தெரியாமல் குதித்துக் குதித்துச் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேலை போய்விடுமோ என்று வேண்டுமென்றே செய்தார்களோ? இப்படி நினைப்பதே தப்பு என்று தோன்றியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வேணும்னு பண்ணியிருந்தா கல்ல ஒளிச்சு வெச்சிருக்க மாட்டோமா?" என்றார் பெரியக்கா. "படிச்சவ மாதிரியே கேக்கற."

மறுபடி ஒரு தட்டை நிரப்பினோம். இந்த முறை இன்ஜினியர் அதன் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தார். பெரியக்கா தன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பச்சைப் பட்டனை அழுத்தியதும் சாமை சரம் சரமாக இறங்கியது. ஐந்து பேர் ஒரு நாள் பொறுக்குவதை அது மாலை டீக்கு முன்பே முடித்துவிட்டது. கையால் பொறுக்கியதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குறை கண்டுபிடிக்க ரொம்ப நேரம் முயன்றார்கள். கிடைக்கவில்லை. "பரவால்ல, நல்லாத்தான் கத்துக்கிச்சு," என்றார் பெரியக்கா. தேர்வில் தேறிய பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல மெஷினின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தலை சுற்றுகிற வேகம். ஐந்து பேர் இருந்த இடத்தில் இப்போது எட்டுப் பேர். கம்பைநல்லூரிலிருந்து பட்டப்படிப்பு முடித்த பெண் ஒருத்தி லேபிள் வேலைக்குத் தினம் பஸ்ஸில் வருகிறாள். சாயம் போட்ட அக்கா சீல் போடும் மெஷினில் கெட்டிக்காரி ஆகிவிட்டார். தொட்டுத் தொட்டு வேலை செய்கிற திரையைப் பார்த்துப் பயந்த இன்னொருவர் இப்போது எனக்கே சொல்லித் தருகிறார். ஆன்லைன் கடையில் "கையால் பொறுக்கியது" என்று நான் எழுதியிருந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்தால் ஆர்டர் குறையும் என்று பயந்தேன். குறையவில்லை. குறையாததில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

பேக்கிங் மேசையில் பெரியக்கா மூன்று நாள் நின்றார். நான்காம் நாள் செருப்பே நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. உயரமான ஸ்டூல் வாங்கிப் போட்டோம். ஏறினால் இறங்க இரண்டு பேர் வேண்டும். ஏறும்போதெல்லாம், "தேர் கெளம்புது, ஒதுங்குங்க," என்று அவரே குரல் கொடுப்பார். ஆனால் பாக்கெட்டை எடுக்க, எடை போட, பெட்டிக்குள் அடுக்க என்று எழுந்து எழுந்து நடக்காமல் அந்த மேசையில் வேலை இல்லை. மெஷின் தள்ளிய கழிவில் நல்ல மணி ஏதும் இருக்கிறதா என்று பொறுக்கக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, "அப்பறம்?" என்றார்.

போன வாரம் நான் முகவரி அச்சடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால், "எடுங்கக்கா, ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுங்க," என்றேன். அழைத்தவர் பெங்களூருக்காரர். பெரியக்காவின் பிறந்த வீட்டில் கன்னடம்தான் பேச்சு. "ஊட்டா ஆய்தா?" என்று சாப்பாட்டை விசாரித்துத் தொடங்கியவர், அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளை, மாமியார் எப்படி, சாமையில் பொங்கல் வைத்தால் எத்தனை பங்கு தண்ணீர் என்று அரை மணி நேரம் ஓட்டினார். நடுவில் மூன்று அழைப்புகள் வந்து வந்து நின்றன. நான் கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டினார். கடைசியில் ஆர்டர் அரை கிலோ!

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் இரண்டு நாள் கழித்து அதே பெண் தன் அக்காவுக்கும் எதிர்வீட்டுக்கும் சேர்த்து ஐந்து கிலோ கேட்டார். "அந்த அம்மாகிட்டயே குடுங்க, பேசணும்," என்றார்.

அன்று முதல் எனக்கு ஒரு ஆசை. போன் வேலையைப் பெரியக்காவுக்கே கொடுத்துவிட்டால் என்ன? தமிழ், கன்னடம், கொஞ்சம் தெலுங்கும் பேசுவார். ஆனால் எழுதத் தெரியாது. ஒரு அட்டையில் சின்ன பாக்கெட், பெரிய பாக்கெட் படம் வரைந்து கொடுத்தேன். எத்தனை கேட்டார்களோ அத்தனை கோடு போடுகிறார், பிசகாமல். யார் கேட்டார்கள் என்பதை மட்டும் குறிக்க முடியவில்லை. அதற்காக நான் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு என்று மேடம் கேட்பார். கேட்பது நியாயம்தான். பேச்சைக் குறைக்கச் சொல்லலாம். குறைத்தால் அந்தப் பெங்களூர்ப் பெண் மறுபடி கூப்பிட்டிருப்பாரா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மதியம் அந்த மடியில்தான் என் மகள் தூங்குகிறாள். நான் பெரியக்காவின் வேலைக்காகத்தான் இவ்வளவு யோசிக்கிறேனா, என் வசதிக்காகவா? அவரிடமே கேட்டேன். "ரெண்டுக்குந்தான்னு வெச்சுக்க. இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் மாவு மில், மசாலா, ஊறுகாய், அப்பளம் என்று சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். மெஷின் வந்த பிறகு உங்கள் இடத்தில் நிற்க முடியாதவர்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? எழுதத் தெரியாத ஒருவர் தனியாகவே போனில் ஆர்டர் எடுத்துப் பதிந்துகொள்ள எளிய வழி ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? அவர் பேச்சைக் குறைக்கச் சொல்லலாமா, விட்டுவிடலாமா? மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் மேடமிடம் நான் என்ன சொல்லட்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.